பதினொன்று பதினொன்றுக்குள் ஒரு முத்திரை

2009 பிப்ரவரி, புதன்கிழமை காலை 8.40. டுசல்டோர்ஃப் ரயில் நிலையத்திலிருந்து டிராமில் ஆறாவது நிறுத்தம். கட்டணம் இரண்டு யூரோ முப்பது சென்ட். இறங்கியதும் எதிரே பயிற்சி நடக்கும் ஹோட்டல். மாணவர்களைப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிவைக்கும் சர்வதேசப் பள்ளி ஆலோசகர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. கல்வித் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கோப்பு பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு, சென்னைப் பள்ளி ஒன்று இந்த ஆலோசகர் வேலையைத் தந்திருந்தது. சான்றிதழோடு திரும்பினால்தான் ஒப்பந்தம் நீளும் என்று முதல்வர் சொல்லி அனுப்பினார்.

முதல் ஒரு மணி நேரம், நாற்பது பேர் வட்டமாக நின்று ஒரு நூல்கண்டை எறிந்து பிடித்தோம். பிடித்தவர் தன் கனவைச் சொல்ல வேண்டும். எனக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கச் சொல்லவில்லை.

அடுத்து மூன்று மணி நேரம் பரிந்துரைக் கடிதம் எழுதும் கலை. "பரிந்துரை கதவைத் திறக்க வேண்டும், ஒருநாளும் சாத்தக் கூடாது" என்று பயிற்சியாளர் திரையில் காட்டினார். எல்லோரும் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள். நானும்தான்.

மாலை 6.30. பள்ளி தங்கும் செலவைத் தராததால், தெரிந்தவர் மூலம் வசந்தி வீட்டில் ஓர் அறை. வசந்தி யாழ்ப்பாணத்துக்காரர், முதியோர் இல்லத்தில் வேலை. கணவர் உணவகத்தில் இரவுப் பணி. இடியப்பத்தையும் சொதியையும் வைத்துவிட்டு, மகள் அபிராவின் அரையாண்டு அறிக்கையை நீட்டினார்.

"அண்ணை, உங்கட வேலை இதுதானே. ஒருக்கால் பாருங்கோ."

அபிராவுக்குப் பத்து வயது, நான்காம் வகுப்பு. கணக்கில் முதல்தரம், ஜெர்மனில் மூன்றாம் தரம். கீழே ஒரு வரி: பரிந்துரை, ஹவுப்ட்சூல. அது சீக்கிரமே கைத்தொழிலுக்கு அனுப்பிவிடும் பள்ளி. பல்கலைக்கழகத்துக்கு நேர்வழி கிம்னாசியம் என்ற இன்னொரு வகைப் பள்ளி. பத்து வயதிலேயே இங்கே பிரித்துவிடுகிறார்கள்.

"டீச்சர் என்ன காரணம் சொன்னாங்க?"

"வீட்டில ஜெர்மன் சொல்லிக்குடுக்க ஆளில்லையாம், பிள்ளை கஷ்டப்படுமாம். நானும் ஓம் ஓம் எண்டுபோட்டு வந்திட்டன். பரிந்துரைதானே அண்ணை, விரும்பினா எடுக்கிறது எண்டு நினைச்சன்."

"அம்மா ரெண்டு தரம் டாங்கேயும் சொன்னவா" என்றாள் அபிரா. டாங்கே என்றால் ஜெர்மனில் நன்றி.

கோப்பில் உண்மை எப்போதும் இணைப்பில்தான் இருக்கும். அறிக்கையின் பின்னால் ஒரு தாள் இருந்தது. அபிரா ஜெர்மனில் வாசிக்க, வசந்தி தமிழில் சொன்னார். இந்த மாநிலத்தில் பரிந்துரை பெற்றோரைக் கட்டுப்படுத்தும். ஏற்காத பெற்றோர் கிம்னாசியத்தில் விண்ணப்பித்து, மூன்று நாள் சோதனை வகுப்பு கேட்கலாம். அதை நடத்தும் மூன்று தேர்வாளர்களும் ஒருமித்துத் தகுதியில்லை என்றால்தான் கதவு மூடும். விண்ணப்பிக்கக் கடைசி நாள் நாளை. கதவைச் சாத்தும் பரிந்துரைக்கு நன்றி சொல்லிவிட்டு வந்திருந்தார் வசந்தி. நாளைக்கே போய்க் கொடுத்துவிடலாம் என்றேன்.

"நாளைக்கு ஏலாது அண்ணை. கார்னிவல், ஊரே வேஷம் கட்டும். காலமை பதினொண்டு பதினொண்டுக்கு எல்லாத்தையும் பூட்டிப்போடுவினம்."

"பத்தரைக்குப் போவோம்."

"உங்களுக்குப் பயிற்சி இருக்கெல்லே?"

"அங்கே நூல்கண்டுதாம்மா இருக்கு."

"மாமா, டை கட்டாதேங்கோ" என்றாள் அபிரா. "நாளைக்குப் பொம்பிளையள் ஆம்பிளையளின்ட டையை வெட்டுவினம்."

அலுவலகத்தில் அப்படியெல்லாம் நடக்காது என்றேன்.

வியாழன் காலை 9.15. பயிற்சியாளரிடம் விஷயத்தைச் சொல்லி, சாத்தும் பரிந்துரைக்கு என்ன செய்வது என்று கேட்டேன். "அது பள்ளிக்கல்வி. நம் வரம்பு உயர்கல்வி" என்றார். இறுதி அமர்வில் இல்லாதவருக்குச் சான்றிதழ் இல்லை என்பதையும் நினைவூட்டினார். இந்த இரண்டாவது வாக்கியத்தில் அவருக்கு நல்ல தேர்ச்சி.

10.30. வசந்தியோடும் அபிராவோடும் கிம்னாசியத்தின் அலுவலக அறை. செயலர் அம்மையார் மூக்கில் சிவப்பு உருண்டை, தலையில் தேனீக் கொம்பு. வசந்தி பேசப் பேச, அறிக்கையின் கடைசி வரியைப் பார்த்தார். தலையை ஆட்டித் தாள்களைத் திருப்பித் தள்ளினார். வசந்தி "டாங்கே" என்று எழுந்துவிட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நன்றி சொல்லாதீங்கம்மா. உட்காருங்க. வாங்க மாட்டேன்னா அதை எழுதித் தரச் சொல்லுங்க. பேர், தேதி, கையெழுத்து."

"அப்பிடிக் கேட்கலாமோ அண்ணை?"

"கேளுங்க."

கேட்டார். முதலில் முணுமுணுப்பாக, இரண்டாம் முறை அடுத்த அறைக்கே கேட்டிருக்கும். தேனீ அம்மையார் எழுந்து உள்ளே போனார். வாயால் மறுக்க எந்த அலுவலகத்துக்கும் அரை நிமிடம் போதும். எழுத்தில் மறுக்க மட்டும் மேலதிகாரி வேண்டும்.

11.04. திரும்பி வந்து விண்ணப்பத்தை வாங்கினார். முத்திரை விழுந்தது. "நகலிலும்" என்றேன். நகலிலும் விழுந்தது. அடுத்த மாதம் சோதனை வகுப்புக்கு மூன்று தேதிகளை அதன் ஓரத்திலேயே எழுதினார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, எட்டி என் டையைப் பாதியாக வெட்டினார்.

"நான் சொன்னனான் எல்லோ!" என்று குதித்தாள் அபிரா. வசந்தி நகலை மார்போடு பிடித்துக்கொண்டு சிரித்தார், பாதியில் அழுகையாகிவிட்டது.

பகல் 12.30. ஹோட்டலில் கடைசி நூல்கண்டும் சுற்றி முடிந்திருந்தது. பயிற்சியாளர் என் அரை டையைப் பார்த்தார். சான்றிதழ் இல்லை என்றார். எழுத்தில் கேட்டேன். தரவில்லை.

வெள்ளி, விமான நிலையம். வரிசையில் நிற்கும்போதும் கோபம் அடங்கவில்லை. ஆனால் அது ஊர் மாறிவிட்டது. சென்னையில் என் மேசையில் "பரிந்துரைக்கப்படவில்லை" என்ற ஒற்றைச் சொல்லை எத்தனையோ கோப்புகளில் எழுதியிருக்கிறேன். எதிரே நின்றவர்கள் "நன்றி சார்" என்று கைகூப்பிப் போனார்கள். காரணத்தை எழுதித் தாருங்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகளில், அந்தத் தேனீ அம்மையாரைப்போல் நான் நாற்காலியை விட்டு ஒருமுறைகூட எழுந்ததில்லை.