குளிப்பாட்டத் தெரியாத நர்ஸ்

போன வாரம் பொம்மிடிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பிரசவமாகி வந்த பெண்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது என் வேலை. கிராம நர்ஸுக்கு அதுதான் பாதி உத்தியோகம். மீதிப் பாதி, தெருநாயிடம் கடி வாங்காமல் திரும்பி வருவது. அந்த வீட்டில் பிள்ளைக்குத் தொப்புள்கொடி விழுந்து அன்றுதான் முதல் குளியல். தாய்க்காரி முக்காலியில் உட்கார்ந்து, வெந்நீர்க் குண்டாவுக்கு எதிரே செல்போனைச் சாய்த்து வைத்திருந்தாள். போனுக்குள் யாரோ ஒருத்தி இங்கிலீஷில் பேசிக்கொண்டே பிள்ளை குளிப்பாட்டினாள். இவள் போனைப் பார்ப்பாள், பிள்ளையைப் பார்ப்பாள், மறுபடி முதலிலிருந்து ஓடவிடுவாள்.

"தண்ணி சூடு சரியாருக்குதாங்க மேடம்?"

யோசிக்காமலே என் முழங்கை தண்ணீருக்குள் போய்விட்டது. பிள்ளை சோப்பின் வாசனை வேறு. அவ்வளவுதான், உடம்பு அங்கே இருந்தது, மனசு எங்கோ போய்விட்டது. என் முழங்கைக்கு இந்தப் பழக்கம் சும்மா வந்ததில்லை, கேட்டுக்கோ. ஒரு தடவை ஃபெயிலாகித்தான் வந்தது.

பன்னிரண்டாவது முடித்த கையோடு நர்ஸ் டிரெயினிங் சேர்ந்தேன். அப்பாவுக்குப் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மஞ்சளும் மரவள்ளியும். பெட்டியைத் தோளில் வைத்து ஹாஸ்டல் வரை வந்தவர், ஆஸ்பத்திரி வாசலில் ஃபினாயில் வாசனை பட்டதும் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டார். "இதுக்குள்ளயா ரெண்டு வருசம் இருப்ப?" என்றார். எனக்கும் குமட்டிக்கொண்டுதான் வந்தது. சேர்ந்து கொஞ்ச நாளில், லீவுக்கு வீட்டுக்குப் போனால் அந்த வாசனை இல்லாமல் தூக்கம் வராது என்கிற அளவுக்கு ஆகிவிட்டேன்.

என் அறைத்தோழி கௌரி, மாரண்டஹள்ளிக்காரி. வீட்டில் கன்னடம், வார்டில் தமிழ், தூக்கத்தில் இரண்டும். ஊசி போட்டுப் பழக அவள் ஊரிலிருந்து மாம்பழம் கொண்டுவருவாள். பழத்தின் தோல் மனுசத் தோல் மாதிரியே இருக்கும் என்பது அவள் கண்டுபிடிப்பு. வெறும் தண்ணீரை ஏற்றி ஏற்றிப் பழகுவோம். சாயங்காலம் அதே பழங்களை அறுத்துத் தின்போம். தின்னத் தின்னத் தண்ணீர் சொட்டும். "பேஷண்டு நல்லா இனிப்பாருக்குதுடி" என்பாள்.

ஊசி, டிரெஸ்ஸிங், பிரஷர் பார்ப்பது, எல்லாம் எனக்கு வந்தது. வராதது ஒன்றே ஒன்று. பிறந்த பிள்ளையைக் கையில் வாங்கினால் கை நடுங்கும். எங்கள் வீட்டில் நான்தான் கடைசி; எனக்குப் பிறகு யாரும் பிறக்கவில்லை, தூக்கிப் பழகவும் வழியில்லை. சோப்பு போட்ட பிள்ளை விலாங்கு மீன் மாதிரி வழுக்கும். நழுவிவிடுமோ என்கிற நினைப்பிலேயே நழுவவிட்டுவிடுவேன் போலிருக்கும். குளிப்பாட்டும் முறை எனக்கு வந்தாலே கௌரியிடம் கண்ணைக் காட்டுவேன். அவள் குளிப்பாட்டுவாள், நான் துண்டு பிடிப்பேன்.

கடைசிப் பரீட்சையில் துண்டு பிடிக்கச் சொல்வார்களா? செய்முறைக்கு எனக்கு வந்தது பிள்ளை குளிப்பாட்டல். வெளியூரிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் அம்மா எதிரே நின்றார். தண்ணீரில் ஒரு விரலை நனைத்துவிட்டுப் பிள்ளையை எடுத்தேன். "விரல்லயா சூடு பாக்கறது?" என்றார். அந்த ஒரு கேள்வி போதும் எனக்கு. கை நடுங்க ஆரம்பித்தது, பிள்ளை வீறிட்டது, அதன் அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"குடும்மா குழந்தைய," என்று கையை நீட்டினார் எக்ஸாமினர் அம்மா. திட்டவில்லை. திட்டியிருந்தால் இவ்வளவு காலம் நினைவிருந்திருக்காது.

ரிசல்ட்டில் கௌரி பாஸ், நான் இல்லை. அவள் நர்ஸிங் கவுன்சிலில் பேரைப் பதிந்துகொண்டு ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். பதிவு இல்லாமல் ஒரு மாத்திரைகூட எடுத்துக் கொடுக்க முடியாது. ஊரில் சும்மா இருந்தேன். யாராவது விசாரித்தால் அப்பா முந்திக்கொள்வார். "பரீச்சைய தள்ளி வெச்சிருக்கறாங்க, இன்னும் நடக்கல." மனுசன் அதுவரை பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அதைக் கேட்கக் கேட்க, இன்னொரு தடவை தோற்றால் அவருக்குச் சொல்ல ஒன்றுமிருக்காதே என்றுதான் அழுகை வரும்.

மறுபரீட்சைக்கு முன்னால் வார்டில் வந்து பழகிக்கொள்ள எங்கள் டியூட்டர் மேடம் அனுமதி கொடுத்தார். பழகப் பிள்ளை வேண்டுமே. நான் ஃபெயிலான கதை எனக்கு முன்னாலேயே வார்டுக்குப் போயிருந்தது. கிட்டே போனால் தாய்மார்கள் பிள்ளையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்வார்கள். "இப்பத்தாங்க தூங்குச்சு" என்பார்கள். வார்டு முழுக்க எந்தப் பிள்ளையும் விழிக்கவேயில்லை போ.

கடைசிக் கட்டிலில் அலமேலு இருந்தாள். சித்தேரி மலைக்காரி, என் வயசுதான், தலைப்பிரசவம். வலி எடுத்துக் கம்பளியில் தூளி கட்டித் தூக்கி இறக்கி, ரோடு கண்ட பிறகு ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். தையல் போட்டிருந்ததால் சரியாக உட்கார முடியவில்லை. மேலே மலையில் சாமை அறுப்பு. அவள் அம்மாவால் வர முடியவில்லை. வீட்டுக்காரன் மட்டும் வந்து வந்து போவான். பிள்ளை அவள் பக்கத்தில் கிடந்தது, அவள் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குளிப்பாட்டட்டுமா?" என்று கேட்டேன். "எனக்குச் சரியா வராது. இப்பத்தான் பழகறேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எனக்குத் தூக்கறதுக்கே பயமாக் கெடக்குதுக்கா. கழுத்து ஒடிஞ்சிருமாட்டம் இருக்குது," என்றாள். பிறகு அவளே, "ரெண்டு பேருமாப் புடிப்பமா?" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. என் இடது கை பிள்ளையின் கழுத்துக்கு, அவள் கை இடுப்புக்கு. முழங்கையால் சூடு பார்ப்பது, முகத்துக்குச் சோப்பு கூடாது, கண்ணை மூக்குப் பக்கமிருந்து வெளியே துடைப்பது, தலையை நனைத்த உடனே துவட்டுவது, எல்லாம் புத்தகத்திலிருந்து நான் சொல்வேன். சொல்லச் சொல்ல எனக்கே புரிந்தது. நாலு கை மூன்றாயிற்று. அப்புறம் ஒருநாள் அவள் கையை எடுத்துக்கொண்டதை நான் கவனிக்கவேயில்லை. மறுநாள் நான் எடுத்துக்கொண்டேன், அவள் கவனிக்கவில்லை. பெண் பிள்ளை அது. பாப்பா, பாப்பா என்றுதான் கூப்பிடுவோம்.

பரீட்சையன்று காலையில் அலமேலுவுக்கு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு நின்றான். மலைக்குப் போகிற பஸ்ஸை விட்டால் அன்றைக்கு வேறு பஸ் கிடையாது. நான் வேறு பிள்ளைக்கு எங்கே போவேன்? வாயைத் திறந்து கேட்கவும் முடியவில்லை.

"அக்காவுக்குப் பரீச்ச முடியட்டும்," என்று அவளே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"பஸ்ஸு போயிருமே."

"போனாப் போவுது. நீ வெளிய நில்லு."

வந்தது அதே எக்ஸாமினர் அம்மா. என்னைப் பார்த்ததும் அவருக்கும் ஞாபகம் வந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. முழங்கையை நனைத்தேன். பிள்ளையை எடுத்தேன். கை நடுங்கத்தான் செய்தது, ஆனால் நின்றது. குளிப்பாட்டி முடிக்கிற வரை பிள்ளை அழவில்லை. "செஞ்சதெல்லாம் தாய்க்கு எடுத்துச் சொல்லு," என்றார் அவர். அங்கேதான் வாய் ஒட்டிக்கொண்டது.

அலமேலு கழுத்தை நீட்டினாள். "ஏங்க்கா, மூஞ்சிக்கு எதுக்கு சோப்பு போடக்கூடாதுங்கற?"

பதில் சொன்னேன். நான் அடுத்ததுக்கு முழிப்பதற்குள், "தலைய எதுக்கு உடனே தொடைக்கோணும்?" என்றாள். ஒன்றும் தெரியாதவள் மாதிரி ஒவ்வொன்றாக, வரிசை பிசகாமல் கேட்டுக்கொண்டே போனாள். எக்ஸாமினர் அம்மா கொஞ்ச நேரம் பொறுத்தார்.

"ஏம்மா, பரீட்சை எழுத வந்திருக்கறது இவளா, நீயா?"

எனக்கு உயிரே போய்விட்டது. அவர் என் கையிலிருந்து பிள்ளையை வாங்கி அலமேலுவிடம் கொடுத்தார். "எங்க, துணி சுத்தி, பால் குடுக்கப் புடி பாக்கலாம்."

அலமேலு பிள்ளையின் கழுத்துக்கடியில் கையைக் கொடுத்து வாங்கினாள். சுற்றினாள், தலையை மூடினாள், மார்போடு அணைத்தாள். கழுத்து ஒடிந்துவிடும் என்று பயந்தவள், பிள்ளையைப் பார்க்காமல் எக்ஸாமினர் அம்மாவைப் பார்த்துக்கொண்டே எல்லாம் செய்தாள்.

"யாரு சொல்லிக்குடுத்தா?"

"இந்தக்காதான்."

அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். பாஸ் என்று தாளில் வர நாளாயிற்று. ஆனால் எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பஸ் போய்விட்டிருந்தது. வெளியே வேப்பமரத்தடியில், பரீட்சைக்கு என்னோடு வந்திருந்த அப்பாவும் அலமேலுவின் வீட்டுக்காரனும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா விசயத்தைக் கேட்டார். "பச்சப்புள்ளைய வெச்சிக்கிட்டு எங்க போய்த் தங்குவீங்க? நம்ம வூட்டுக்கு வாங்க. காத்தால பஸ் ஏத்தி உடறேன்," என்றார். மலைக்காரர்கள் எங்கள் வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. அம்மா ஒரு கணம் வாசற்படியில் நின்றார். பிறகு பிள்ளையைப் பார்த்தார். உள்ளே போய்த் தண்ணீர் காய வைத்தார்.

காலையில் கொல்லையில் பாப்பாவை நான்தான் குளிப்பாட்டினேன். அப்பா துண்டோடு பக்கத்தில் நின்றார்.

"இதுதானா அந்தப் பரீச்ச?"

"இதுதாம்ப்பா."

"இதுக்கா ரெண்டு வருசம்?" துண்டை விரித்து நீட்டிக்கொண்டே, "நல்லாத்தான் புடிக்கற," என்றார்.

எனக்கு அதற்கப்புறம் கவுன்சிலிலிருந்து பதிவுச் சான்றிதழ் வந்தது, வேலை வந்தது. பிரசவமாகிறவர்கள் இப்போது மலையிலிருந்து ஆம்புலன்ஸில் இறங்கி, இரண்டு மூன்று நாளில் வண்டியிலேயே திரும்பிவிடுகிறார்கள். நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். டிரெயினிங் பிள்ளைகளுக்குத் தாயின் பேர் தெரிவதற்குள் கட்டிலில் வேறு ஆள். நான் படித்த வார்டை இடித்து மாடிக்கட்டடம் கட்டியாகிவிட்டது. ஒருதடவை மலையில் முகாம் போட்டபோது அலமேலுவை விசாரித்தேன். குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார்களாம். எந்த இடம் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

பேர் வைப்பதற்கு முன்னாலேயே மலையேறிப் போன பிள்ளை அது. ஒவ்வொரு தடவை நான் ஊருக்குப் போகும்போதும் அப்பா கேட்பார்: "அந்தப் புள்ளைக்கு என்ன பேரு வெச்சாங்களாம்?" தெரியலப்பா என்பேன். "கேட்டு வெக்கக்கூடாதா?" என்பார். அப்பா போய்ச் சில வருசமாகிறது. இப்போது வீட்டில் அதை யாரும் கேட்பதில்லை.