உருண்டைக்காரர்

வந்ததும் வராததுமாகத் தலை எண்ணுகிறார். முந்தின நாள் மாலை கணினிக்குள் விட்ட தூசித் துகள்கள் பத்தாயிரம். உருண்டையில் ஒட்டியவை, தண்ணீரோடு வெளியேறியவை, இன்னும் மிதப்பவை எல்லாம் கூட்டினால் பத்தாயிரம் வர வேண்டும். வந்தால்தான் நாற்காலியில் உட்காருவார். "ஒண்ணு குறைஞ்சாலும் விடமாட்டேன்" என்பார். இதுவரை ஒன்றுகூடக் குறைந்ததில்லை.

ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்கு உருண்டைக்காரர் என்று பேர். பதினொரு வருஷமாக ஒரே ஓர் உருண்டையைச் சுற்றித் தண்ணீரை ஓட விடுகிறார். அதுவும் கணக்கில்தான். ஓட்டம் தூசியை இழுத்துக்கொண்டு போகும். தூசி தன் பங்குக்கு அப்படியும் இப்படியும் அலையும். இந்த இழுபறியில் எத்தனை தூசி உருண்டையில் போய் ஒட்டும்? குடிநீரை வடிகட்டும் மணலுக்காகக் கேட்கப்பட்ட கேள்வி அது. மணலை அவர் தொட்டுப் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை. "அந்த உருண்டையையே கட்டிக்கிட்டு அழுங்க" என்கிறார் மனைவி. இவரும் மறுப்பதில்லை.

பக்கத்து அறை அம்மாளிடம் உருண்டைக்குப் பதில் இருப்பது நிஜமான கண்ணாடி மணி, நிஜமான தண்ணீர். அங்கே பத்தாயிரத்துக்கு ஆயிரத்து எண்ணூறு ஒட்டும். இவர் கணக்கில் ஆயிரத்து இருநூறுதான். "மணி அழுக்கா இருக்கும்மா, நல்லாக் கழுவுங்க" என்று இரண்டு வருஷமாகச் சொல்லிவந்தார். அந்த அம்மாளும் முகம் சுளிக்காமல் கழுவினார். எண் இறங்குகிற வழியாக இல்லை. கணக்கோடு ஒத்துவராத சோதனைக்கு ஓர் அறை எதற்கு என்று மேலிடம் கேட்டது. வெள்ளிக்கிழமையோடு மூடிவிடுவது என்று முடிவாயிற்று. இவருக்கு வருத்தம்தான். தன் கணக்கின் மேல் மட்டும் சந்தேகம் வரவில்லை.

புதன்கிழமை சாப்பாட்டு மேசையில் ஒரு தாளைப் பரப்பி வைத்திருந்தார். நடுவில் உருண்டை, அதைச் சுற்றி ஒரே ஒரு துகள் போன வழி, கணினி அதை நகர்த்தும் ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு புள்ளியாக. தட்டு வைக்க இடமில்லாமல் நின்ற மனைவி இரண்டு புள்ளிகளை விரலால் தொட்டார். ஒன்று உருண்டைக்கு இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம்.

"இங்கேருந்து அங்க எப்படிப் போச்சு?"

"அது அடுத்த தாவல்."

"தாவட்டும். நடுவுல உருண்டை இருக்கே, உள்ள பூந்தா போச்சு?"

இவர் சிரித்தார். பிறகு எழுந்துபோய் ஸ்கேல் எடுத்து வந்து இரண்டு புள்ளிகளையும் சேர்த்தார். கோடு உருண்டையின் ஓரத்தைச் சீவிக்கொண்டு போயிற்று. ஒவ்வொரு தாவலின் முடிவிலும் துகள் எங்கே இருக்கிறது என்றுதான் பதினொரு வருஷமும் பார்த்திருக்கிறார். தாவும்போதே உருண்டையில் முட்டியவையெல்லாம் முட்டாதவை போல அந்தப் பக்கம் போய் இறங்கி, தண்ணீரோடு வெளியேறியவற்றில் சேர்ந்துவிட்டன. கூட்டுத்தொகை குறையாததால் மனிதர் நிம்மதியாக உட்கார்ந்துவிட்டார்.

வியாழக்கிழமை தாவலைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி ஓட விட்டார். ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு. வெட்கமாக இருந்தது. தப்பு என் கணக்கில், அந்த அறையை மூட வேண்டாம் என்று மேலிடத்துக்கு நாலு வரி எழுதி அனுப்பிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனார்.

அம்மாள் தொட்டியருகே குனிந்து நின்றிருந்தார். காலடிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

"இன்னும் ஒரே ஒரு தடவை கழுவிப் பாத்துடறேன் சார்."

இவர் கையை நீட்டிக் குழாயை மூடினார்.