சந்தனம் வைத்த மைக்

மாமா என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால் எங்கள் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். இப்போதாவது பரவாயில்லை. விளம்பரம், மியூசியம், நாடகம் என்று அவர் உருவாக்கிய சத்தங்கள் நாலு இடத்தில் கேட்கின்றன. போன வருஷம் ஒரு கண்காட்சியில் ஜனங்களை இருட்டறையில் உட்காரவைத்து வெறும் மழைச் சத்தத்தைக் கேட்கவைத்தார். அம்மா பொறுமையாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, படம் எப்போது போடுவார்கள் என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டாள்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது இந்த அளவுகூட இல்லை. லிங்கராஜபுரத்தில் அப்பாவின் டூவீலர் ஒர்க்‌ஷாப்புக்கு மேலேயே எங்கள் வீடு. மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கால்சென்டர் வேலையை உதறிவிட்டு எங்களோடு வந்து தங்கியிருந்தார். இனி சவுண்டுதான் தன் தொழில் என்று அறிவித்திருந்தார். செய்தி பரவியதும் எதிர்வீட்டு ஆன்ட்டி மகளின் நிச்சயதார்த்தத்துக்காக ஓடி வந்தார்.

"பெரிசா ஒண்ணும் வேணாம் தம்பி. ரெண்டு பாக்ஸ், ஒரு மைக். ஸ்வல்ப பாத்துப் பண்ணிக் குடு."

அது வேறு சவுண்டு, இது வேறு சவுண்டு என்று மாமா விளக்கியதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அப்போ ஜெனரேட்டர் நாங்க பாத்துக்கணுமா?" என்றார் ஆன்ட்டி. அம்மாவுக்கு மானமே போய்விட்டது. "ஊர்ல அவனவன் வேலைக்குப் போறான். இவன் வீட்ல உக்காந்து சவுண்டு விட்டுட்டிருக்கான்" என்று அன்று முழுக்கப் பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமா மறுபேச்சுப் பேசவில்லை. பேசினால் அதுவும் சவுண்டு கணக்கில்தான் சேரும்.

அவருடைய ஒரே சொத்து ஒரு மைக். காற்று இரையாமலிருக்க அதற்கு ஒரு ரோமச் சட்டை உண்டு. அதைப் போட்டுவிட்டால் பூனைக்குட்டி சுருண்டு படுத்திருப்பதுபோல இருக்கும். தண்ணீர்ச் சொம்பை அதன் பக்கம் கொண்டுபோனாலே மாமா பதறுவார்.

அந்த ஆயுத பூஜை சமயத்தில்தான் அவருக்கு ஒரு வாய்ப்பு வந்தது. ஒரு ஸ்டூடியோவில் ஆள் எடுத்தார்கள். பண்டிகையன்று நகரத்தின் சத்தத்தை ஒரு நிமிஷம் பதிவு செய்து மறுநாள் காலை கொடுக்க வேண்டும். பிடித்திருந்தால் வேலை. மாமாவின் கண் ஆட்டோ ஸ்டாண்டின் மேல் இருந்தது. சாயங்காலம் அங்கே வரிசையாக ஆட்டோக்களுக்குப் பூஜை போட்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் பூசணிக்காய் உடைப்பார்கள். எந்தக் காய் தார் ரோட்டில் விழுந்தால் என்ன சத்தம், மண்ணில் விழுந்தால் என்ன சத்தம் என்று ஒரு வாரமாக என்னிடம் விளக்கிக்கொண்டிருந்தார். சாம்பார் வைக்கிற காய்க்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று நினைத்தேன்.

பண்டிகையன்று மத்தியானம் மாமா குளிக்கப் போனார். அம்மா பூஜைக்குச் சாமான்களைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் ஸ்பேனர்கள், தன்னுடைய தையல் மிஷின், என் பாடப் புத்தகங்கள். போன வருஷம் மாமா ஆசையாக மைக்கைக் கொண்டுவந்து வைத்தபோது, "விளையாட்டுச் சாமானையெல்லாம் இங்க வைக்காதே" என்று நகர்த்திவிட்டவள் அவள். இந்த வருஷம் கூப்பிடாமல், கேட்காமல், தானே போய் எடுத்து வந்தாள். மாமா காலையிலேயே ரெக்கார்டிங்கை முடித்திருப்பார் என்று நினைத்துவிட்டாள் போல. குங்குமம் பட்டால் பாழாகிவிடும் என்று ரோமச் சட்டையை மட்டும் பத்திரமாகக் கழற்றி வைத்தாள். மைக்கை ஸ்பேனரைத் துடைத்த அதே ஈரத்துணியால் துடைத்தாள். கம்பி வலையின் மேல் நல்ல குழைவான சந்தனமாக மூன்று பொட்டு. அதன்மேல் குங்குமம். தலையில் ஒரு சாமந்தி.

மாமா தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். துண்டு அப்படியே நின்றது.

"டேய், இந்த வருஷம் உன்னோடதையும் வச்சுட்டேன்டா" என்றாள் அம்மா. அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

மாமா மைக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். சந்தனம் வலைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இப்போது வீடு இரண்டாகப் போகிறது என்று நான் ஆவலோடு சுவரோரம் ஒதுங்கினேன்.

"நல்லா இருக்குக்கா" என்றார் மாமா.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அப்பா கற்பூரம் காட்டிவிட்டு, நாளைக் காலைவரை யாரும் எதையும் தொடக்கூடாது என்று வழக்கம்போலச் சொன்னார். ஆனாலும் அம்மா பொரி கொடுக்க எதிர்வீட்டுக்குப் போன நேரம் பார்த்து மாமா மைக்கை எடுத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டார். என் காதிலும் வைத்துக் காட்டினார். கரகரவென்று அப்பளம் நொறுங்குவது போன்ற சத்தம், வேறொன்றுமில்லை. மாமா மைக்கை இருந்த இடத்திலேயே வைத்துச் சாமந்தியையும் நேராக்கினார். வேறு மைக் அவரிடம் கிடையாது. பண்டிகை நாளில் யாரிடம் போய்க் கேட்பது? தெருவில் பூசணிக்காய்கள் உடையத் தொடங்கின. அவர் ஜன்னலைச் சாத்தவும் இல்லை, எட்டிப் பார்க்கவும் இல்லை.

பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து போன் செய்தார். மேல்படியில் பொரி தின்றுகொண்டிருந்த எனக்கு எல்லாம் கேட்டது. "இல்ல சார், ரெக்கார்டிங் ஆகலை. மைக் போயிடுச்சு. இல்ல சார், யாரும் காரணம் இல்ல. நான்தான் சரியா பாத்துக்கலை." அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "பரவால்ல சார்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை மாமா சீக்கிரமே எழுந்து சட்டை மாற்றிக்கொண்டு வெளியே போனார். மதியம் வந்தார். அம்மா அப்போது பூஜைச் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா, குடுத்துட்டியா? என்ன சொன்னாங்க?"

"குடுத்துட்டேன்க்கா. நல்லா வந்திருக்குன்னாங்க. ஆள்தான் ஏற்கனவே எடுத்துட்டாங்களாம்."

"போனா போகுது விடு. அடுத்தது வரும். இனிமே வருஷா வருஷம் வச்சிடறேன்" என்று அம்மா மைக்கை முந்தானையால் துடைத்து அவர் கையில் கொடுத்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு பெரிய மனுஷன், சாமி படத்துக்கு நேர் எதிரில் நின்றுகொண்டு, கூசாமல் பொய் சொல்கிறார்! பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அம்மாதான். நான் மாமாவின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் சிவந்து, நீர் கோத்துக்கொண்டு வந்தது. சாமி குத்த ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.