எதிரியின் கூடாரத்தில் ஒரு கிழ அரசன்

கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது நான் ஒரு கிழ அரசனாக நடித்தேன். எழுபதுகளின் கடைசி அது. புதுச்சேரியில் கல்லூரிகளுக்கிடையே நாடகப் போட்டி வைத்திருந்தார்கள். எங்கள் கல்லூரியிலிருந்து பெண்கள் யாரும் அதுவரை போனதில்லை. போகலாம் என்று முதலில் சொன்னவள் என் தோழி, திருமலைராயன்பட்டினத்து மரைக்காயர் வீட்டுப் பெண். எதையும் மெதுவாகப் பேசுவாள். முடிவு செய்துவிட்டால் மாற்ற முடியாது.

எங்களுக்கு அந்த வருஷம் பழைய கிரேக்கக் காவியம் ஒன்று, ஆங்கில உரைநடையில், பாடமாக இருந்தது. கடல் கடந்து வந்து ஒரு நகரத்தை வருஷக்கணக்கில் முற்றுகையிட்டவர்களின் கதை. அதன் பெரிய வீரன், தன் நண்பனைக் கொன்ற இளவரசனைக் கொல்கிறான். கொன்ற பிறகும் கோபம் தணியாமல் உடலைத் தேரில் கட்டிப் புழுதியில் இழுக்கிறான். தகனத்துக்குக் கொடுக்க மறுக்கிறான். கடைசியில் இளவரசனின் அப்பா, நகரத்தின் கிழ அரசன், ஆயுதம் எதுவும் இல்லாமல் எதிரியின் கூடாரத்துக்குள் போய், பிள்ளையைக் கொன்ற அந்தக் கையையே முத்தமிட்டு, உடலைக் கேட்கிறான்.

தோழிக்கு அந்த வீரனைப் பிடிக்கவே இல்லை.

"செத்தவனோட மையத்த மண்ணுக்குக் குடுக்காம வச்சிருக்கான். அவன எப்படிடி வீரன்னு எழுதி வச்சிருக்காங்க?"

"கடைசியில குடுத்துடறான்ல?"

"ஆமா. அந்த எடத்துலதான் வீரனாவே ஆவுறான். அதையே நாடகமா போடுவோம். நான் அவனா நிக்கிறேன். நீ கெழவன்."

பிடிக்காதவனின் வேஷத்தைத் தானே எடுத்துக்கொண்டது அவள் குணம். இருவருமாகச் சேர்ந்து அந்தக் காட்சியைத் தமிழில் எழுதினோம். ஆங்கிலத்துறை ஆசிரியரிடம் காட்டியபோது அவர் முகம் சுளித்தார்.

"போட்டின்னா வாள் சண்டை, தேர், ரத்தம்னு எதையாவது போடுங்கம்மா. கெழவன் கையேந்தறத யாரு பாப்பாங்க?"

"பாப்பாங்க சார்," என்றாள் தோழி.

ஆனால் ஒத்திகையில் அவர் சொன்னதுதான் சரியோ என்று தோன்றிவிட்டது. கெடுத்தது நான்தான். கூடாரத்துக்குள் நுழைந்ததும் தடாலென்று விழுவேன், மார்பில் அடித்துக்கொள்வேன், குரலை உடைத்து அழுவேன். பார்க்க வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"நீ பிச்சைக்காரன் மாதிரி வர்ற. இவன் ராஜா," என்றாள் தோழி.

"பிச்சை கேக்கத்தான வர்றான்?"

"தெரியல. ஆனா இப்படி இல்ல."

அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கல்லூரிக்கு விடுமுறை விட்டார்கள். நான் ஊருக்கு வந்தேன்.

எங்கள் ஊர் காரைக்காலுக்கு வடக்கே, பூவத்துக்கு மேற்கே, வயல்களுக்கு நடுவே. அந்தக் கோடையில்தான் குறுவைத் தண்ணீருக்காக மதகடியில் பெரிய தகராறு நடந்திருந்தது. வாய்க்காலுக்கு அக்கரையில் இருந்த பெரிய வீட்டுக்காரர் எங்கள் முறையில் மதகை அடைக்க வந்தார். என் அண்ணன் குறுக்கே போய் நின்றான். அவர் மண்வெட்டிக் காம்பால் ஓங்கி அடித்ததில் அண்ணனின் இடது கை முறிந்தது. கட்டுப்போட்டும் கை வளைந்துதான் கூடியது. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. அவர் வரும் வரப்பில் அப்பா நடக்கமாட்டார்.

நான் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் காலையில், தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் அக்காவுக்கு வலி கண்டது. மருத்துவச்சி வந்து வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, புள்ள குறுக்க கெடக்கு, காரைக்கால் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடுங்க என்றாள். வெளியே ரோடு எது, வயல் எது என்று தெரியாமல் ஒரே வெள்ளக்காடு. மாட்டு வண்டி போகாது. சுற்றுவட்டாரத்தில் டிராக்டர் வைத்திருந்தது ஒரே ஒருவர்தான்.

அப்பா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வெளுத்த வேட்டி ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டார். துண்டைத் தோளில் போட்டார். அண்ணன் எழுந்தபோது, "நீ வேண்டாம்," என்று மட்டும் சொன்னார். நான் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

முழங்கால் தண்ணீரில் மரப்பாலத்தைத் தாண்டி அக்கரைப் பெரிய வீட்டு வாசலுக்குப் போனோம். உள்ளே இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அப்பா தோளில் இருந்த துண்டை எடுக்கவில்லை, கையைக் கட்டவில்லை, குரலும் இறங்கவில்லை.

"மூத்தவளுக்கு வலி எடுத்துருக்கு. புள்ள குறுக்க கெடக்காம். உங்க டிராக்டர் வேணும். அதான் வந்தேன்."

பெரிய வீட்டுக்காரர் அப்பாவையே பார்த்தார். நான் அவருடைய கைகளைப் பார்த்தேன். பருத்த, மயிரடர்ந்த கைகள். அதில் எந்தக் கை ஓங்கியது என்று மனது தேடியது.

"உக்காருங்க," என்றார்.

அப்பா உட்கார்ந்தார். அந்த வீட்டு அம்மா ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து நீட்டினாள். அக்கா அங்கே துடித்துக்கொண்டிருக்கிறாள், இவர் வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். அப்பா வாங்கி, நிதானமாக, கடைசிச் சொட்டுவரை குடித்தார். குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தபோது அந்த வீட்டில் என்னவோ இளகியது.

"தம்பி கை எப்படி இருக்கு?" அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"வளைஞ்சுதான் கூடிருக்கு. வேல செய்வான்."

அவர் எழுந்துபோய்ச் சாவியோடு வந்தார். "ஆள அனுப்புனா சரிவராது. நானே ஓட்டுறேன்."

டிரெய்லரில் வைக்கோலைப் பரப்பி அக்காவைப் படுக்கவைத்து, அப்பாவும் அண்ணனும் நானும் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டோம். பாதி வழியில் சாலை அரித்துக்கொண்டு போயிருந்தது. பள்ளம் எங்கே என்று தெரியாமல் அவர் வண்டியை நிறுத்தினார். அண்ணன் கீழே குதித்தான். நல்ல கையில் ஒரு மூங்கில் கழியைப் பிடித்துத் தரையைக் குத்திப் பார்த்தபடி, இடுப்பளவுத் தண்ணீரில் முன்னால் நடந்தான். வளைந்த கையைத் தூக்கி இடம், வலம் என்று காட்டினான். அந்தக் கை காட்டிய பக்கமெல்லாம் டிராக்டர் திரும்பியது. பெரிய சாலைக்கு ஏறும்வரை இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நம்பித்தான் வந்தார்கள்.

நாங்கள் கொண்டுபோனது நல்ல நேரம் என்றார் டாக்டரம்மா. சாயங்காலத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது. அப்பா ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்த பெரிய வீட்டுக்காரரிடம் போய்ச் செய்தியைச் சொன்னார். அவர் அண்ணனைத் தேடிப் போய், நனைந்த அவன் தலையில் கையை வைத்தார். அண்ணன் தலையை இழுத்துக்கொள்ளவில்லை.

கல்லூரி திறந்ததும் தோழியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு, "வா, ஒத்திகை பாப்போம்," என்றாள்.

அன்று நான் விழவில்லை, அழவில்லை. நடந்து வந்தேன். எதிரே நின்றவளின் கையைப் பிடித்து முத்தமிட்டேன். என் பிள்ளை வேண்டும், அதற்காக வந்தேன் என்றேன். குரல் அப்பாவுடையதாக வந்தது. உட்காரச் சொன்னாள், உட்கார்ந்தேன். ரொட்டியை நீட்டினாள், வாங்கி முழுவதும் தின்றேன். காவியத்தில் அந்த அரசன் எதிரியோடு சாப்பிடுவது ஏன் என்று பரீட்சைக்குப் பதில் எழுதியிருந்தேன். இப்போதுதான் புரிந்தது. பார்க்க வந்த பெண்களில் ஒருத்தியும் சிரிக்கவில்லை.

புதுச்சேரியில் எங்களுக்கு முன்னால் நடித்தவர்கள் அட்டை வாள்களோடு மேடையை அதிரவைத்துவிட்டுப் போனார்கள். எங்களிடம் இரண்டு முக்காலி, ஒரு தட்டு, எனக்குச் சணலில் திரித்த தாடி. முதலில் யாரோ விசிலடித்தார்கள். நான் கூடாரத்துக்குள் நுழைந்தபிறகு அது நின்றுவிட்டது. உடலைக் கொடுக்கச் சம்மதித்துத் தோழி தலையைத் திருப்பிக்கொண்டபோது அவள் கண்கள் கலங்கியிருந்தன. ஒத்திகையில் அவள் ஒருநாளும் கலங்கியதில்லை. திரை விழுந்த பிறகும் அரங்கம் சத்தமில்லாமல் இருந்தது. தோற்றுவிட்டோம் என்று நினைத்தேன். அப்புறம் கைதட்டல் தொடங்கியது, பின்வரிசையிலிருந்து, விசிலடித்த பக்கத்திலிருந்தே.

முதல் பரிசை அறிவித்துவிட்டு நடுவர் ஒருவர் மேடையிலேயே கேட்டார்: "போர்க் காவியத்துல போரே இல்லாத எடமா பாத்து ஏம்மா எடுத்தீங்க?"

தோழி ஒலிபெருக்கியை நோக்கிக் குனிந்தாள். "சண்ட போடறது சுலபங்க சார். சண்ட போட்டவன் வாசல்ல போய் நின்னு கேக்கறதும், கேட்டவனுக்குக் குடுக்கறதும்தான் கஷ்டம். நாங்க கஷ்டமானத எடுத்தோம்."

மறுபடியும் கைதட்டினார்கள். எங்கள் ஆசிரியர் முன்வரிசையில் எழுந்தே நின்றுவிட்டார்.

மறுநாள் பஸ்ஸில் கடலூரிலிருந்து சீர்காழிவரை பாடிக்கொண்டே வந்தோம். கண்டக்டர் பரிசுக் கோப்பையை வாங்கிப் பார்த்துவிட்டு, எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் காட்டினார். தரங்கம்பாடி தாண்டி, வெயில் சாயும் நேரத்தில், பூவத்தில் நான் இறங்கினேன். அப்பா சைக்கிளோடு நின்றிருந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"ஜெயிச்சுட்டோம்பா."

"என்ன வேஷம் போட்ட?"

"ராஜா வேஷம்."

அப்பா சிரித்தார். பஸ் புறப்பட்டது. தோழி ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கோப்பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். கண்டக்டர் உள்ளே வரச் சொல்லிக் கத்துவது கேட்டது. அவள் வரவில்லை. சாலை திரும்பும்வரை அந்தக் கோப்பை வெயிலில் மின்னிக்கொண்டே போனது.