செல்வி அக்காவின் பொடித் தட்டு

புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு படத்தின் ஓரமாகவே நடக்கிறார் ஆரோக்கிய செல்வி. தரையில் கோலப்பொடியால் எங்கள் ஊரே கிடக்கிறது. மாதா கோயில், குளம், ரேஷன் கடை, ஆறு தெரு. பத்து ஊர்களில் இப்படிப் படம் போட்டிருக்கிறார். ஒரு வீட்டின் மேலும் அவர் கால் பட்டதில்லை. யாராவது குறுக்கே போனால், "ஏ ஆத்தா, அடுத்தவ அடுப்பயா மிதிக்கிற?" என்பார்.

மற்ற நாட்களில் முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவர். கொட்டைத் தோலின் எண்ணெய் பட்டு விரல் நுனிகள் கறுத்திருக்கும். திட்ட வேலை வந்தால் மட்டும் நீலப் புடவை. வெளிநாட்டு வங்கியிடம் அரசாங்கம் கடன் வாங்கி நடத்தும் திட்டம் அது. சிவப்புப் பொடி வைத்த வீடு மிக ஏழை; ஆடு வாங்க, கடை வைக்க முதலில் பணம் அதற்குத்தான். மஞ்சள் வீட்டுக்கு மீதி இருந்தால். பச்சை, வசதியான வீடு, அதற்குக் கிடையாது. அவரவர் வீட்டுக்கு அவரவரே பொடி வைக்க வேண்டும். தப்பாக வைத்தால் ஊரார் சொல்வார்கள்.

"கடன் வாங்குறது கவர்மெண்டு. கட்டப்போறது உன் பேரன், என் பேரன். அதுவாச்சும் இல்லாதவ கைக்குப் போயிச் சேரட்டும்டி" என்பார், கூட்டத்துக்கு டீ கொடுக்க வரும் என்னிடம்.

படம் போடுவதற்கு முன்பு ஒரு வாரம் வீடு வீடாகப் போவார். வாசல் வழியாக இல்லை, கொல்லை வழியாக. "முன்னாடி போனா சோபாவக் காட்டுவாங்க, இல்லாட்டி அழுவாங்க" என்று சிரிப்பார். தோப்பில் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு தானும் ஏழைதான் என்று சொல்லித் திரிந்த நல்லதம்பியின் பின்கட்டுக்கும் அப்படித்தான் போனார்.

"கொல்லையில என்ன தேடுற செல்வி?"

"ஒண்ணுமில்ல மாமா. தார்ப்பாய்க்குள்ள நாலு சக்கரத்தோட நிக்குதே, அது மாடா?"

படம் போட்ட அன்று அவர் தானாகவே பச்சை வைத்தார்.

பட்டியலைக் கூட்டத்தில் படிக்கும்போது அக்கா பெயர் சொல்ல மாட்டார். கதவு எண் மட்டும்தான். "பேர மைக்குல சொன்னா அன்னிக்கு அவளுக்குச் சோறு எறங்குமா?" போட்டோ எடுத்த கையோடு படத்தையும் கூட்டித் தள்ளிவிடுவார்.

போன வியாழக்கிழமை எங்கள் ஊர்ப் படத்தில் வேணி தன் வீட்டுக்குப் பச்சை வைத்தாள். தளம் போட்டு, முகப்பில் டைல்ஸ் ஒட்டிய வீடு. கணவர் கலையரசன் சிங்கப்பூர் சம்பளத்தில் கட்டியது. சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து அவர் கட்டிலில் கிடக்கிறார், இரண்டு வருடமாக. மகளைப் பெண் பார்க்கச் சிறுவாச்சூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். ஊர் முகப்பைத்தான் பார்த்திருந்தது. அதனால் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

அக்கா கொல்லையைப் பார்த்தவர். கோழிக்கூடு காலி. அடுப்பில் ரேஷன் அரிசிக் கஞ்சி மட்டும். கொடியில் தாயும் மகளும் மாற்றிக் கட்டும் ஒரே புடவை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பச்சை மாறியிருக்கும். ஆனால் எழுபது பேர் முன்னால் சொல்ல வேண்டும். அவர் வேணியைப் பார்த்தார்.

"போட்டோ எடுத்துடலாமாக்கா?" திட்ட ஆபீசர் மணிவேல் செல்போனைத் தூக்கினார். "எடுத்துட்டா அப்புறம் ஒரு வூட்டையும் மாத்த முடியாதுங்க."

"ஒரு நிமிசம் சார்" என்று சொல்லிக்கொண்டே அக்கா நேராக நடந்தார், அந்தோணியார் தெருவின் மேல். முந்தானையும் சேர்ந்து இழுபட, வேணி வீடு உட்பட ஏழு வீடும் அழிந்துபோனது.

"ஐயையோ, என் காலுல கொள்ளிய வைக்க!" என்றார் அக்கா.

"பத்து ஊருல படாத காலு நம்மூருலதான் பட்டுச்சாக்கும்" என்றார் நல்லதம்பி.

"வயசாவுதுல்ல மாமா. உங்கள மாதிரி தார்ப்பாய போட்டு மூடவா முடியும்?"

ஊரே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் அக்கா அடுத்ததைச் சொன்னார். "டீ ஆறுது, எல்லாரும் அங்கிட்டுப் போங்க. இந்தத் தெருக்காரவுங்க மட்டும் ஒவ்வொருத்தரா வந்து வச்சிட்டுப் போங்க. சார், நீங்களும் டீ குடிங்க."

கூட்டம் டீ கேனைச் சுற்றிப் போனது. நான் டம்ளர் பொறுக்கிக்கொண்டு இந்தப் பக்கமே நின்றேன். அழிந்த கோடுகளை அக்கா குனிந்து திரும்பப் போட்டார். ஆறு பேர் வந்து வைத்துவிட்டுப் போனார்கள். கடைசியாக வேணி வந்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அக்கா நிமிர்ந்தார். மூன்று பொடியும் இருந்த தட்டை மெதுவாகத் திருப்பிச் சிவப்பை அவள் பக்கம் கொண்டுவந்தார். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு, தட்டுப் பிடித்த கையை மட்டும் பின்னால் நீட்டினார்.

வேணியின் விரல்கள் சிவப்பில் இறங்கின.

"ஆச்சாக்கா?" மணிவேல் அங்கிருந்து கூப்பிட்டார்.

"ஆவட்டும் சார்" என்றார் அக்கா, மாதா கோயில் மணிக்கூண்டைப் பார்த்தபடியே, கை நீட்டிய வாக்கில், திரும்பாமல்.