நோர்பரியில் உறைந்த குழாய்

இந்த ஊரில் பனிப்புயல் சத்தமில்லாமல் வந்து படுத்துக்கொள்கிறது. காலையில் கண் விழித்ததும் எனக்கு வித்தியாசமாகப் பட்டது அந்த அமைதிதான். லண்டனில் எங்கள் நோர்பரி வீதியில் பஸ் இரைச்சல் இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூச்சல் இல்லை. திரைச்சீலையை விலக்கினால், எது கார், எது குப்பைத் தொட்டி என்று தெரியாத வெள்ளை மேடுகள். யாழ்ப்பாணத்தில் புயல் என்றால் தகரத்தை அறைந்து, வாழைகளைச் சரித்து, தன் வரவை ஊருக்கே அறிவித்துவிடும். இங்கே கதவைத் திறந்தபோதுதான் தெரிந்தது, காற்று எங்கள் வாசற்படியில் முழங்காலளவு பனியைக் குவித்து வைத்திருந்தது. வீட்டுக்குள் நாங்கள் நான்கு பேர் அகப்பட்டிருந்தோம்: நான், அண்ணி, அவள் பெற்று இரண்டு கிழமையும் ஆகாத ஆண்குழந்தை, பிள்ளைப்பேறு பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த அவளின் தாய். அவரை நான் மாமி என்பேன். அண்ணை முந்தின நாள் ஷிப்டுக்குப் போனவர். ரயில்கள் நின்றதால் வேலையிடத்திலேயே தங்கிவிட்டார்.

காலைத் தேநீர் ஆறுவதற்குள், வீட்டைச் சூடாக்கும் பொய்லர் கொப்பளிப்பதுபோல ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றது. வீட்டில் வேறு ஹீட்டர் இல்லை. திருத்துபவருக்கு அழைத்தேன்; வீதிகள் திறக்கட்டும், வருகிறோம் என்றார்கள். குழந்தையின் மூக்கு நுனி சிவக்கத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து டொரொண்டோவிலிருந்து சித்தப்பா வீடியோவில் வந்தார். யன்னலைக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"இது ஸ்னோவே? எங்கட ஃப்ரிட்ஜுக்குள்ள இதைவிடக் கூட இருக்கு. லண்டன்காரருக்குத் தும்மல் தடிமன் வந்தாலே நாடே லீவுதானே!"

"சித்தப்பா, பொய்லர் நிண்டிட்டுது. பிள்ளை குளிருது."

சிரிப்பு நின்றது. "ஐயோ, அதைத் தொட்டுக் கிட்டுப் பாக்காதை மோளே. ஆம்பிளையள் ஆரும் வரட்டும்."

நான் பொறியியல் படித்தவள் என்பதை எங்கள் குடும்பம் கலியாண வீடுகளில் மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கும்.

செய்ய வேண்டியவற்றை மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு மேலே போனேன். முதலாவது, குழந்தையும் தாயும் ஒரே அறையில், கதவு சாத்தியபடி. அறைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கோடையில் வளவில் இறைச்சி வாட்டுகிற கரியை எடுத்துவந்து, மண்சட்டியில் தணலாக்கி, கட்டிலடியில் வைத்துக்கொண்டிருந்தார் மாமி. குழந்தை குளித்தபின் சாம்பிராணி பிடிக்கிற சட்டி அது. புகைக்குக் கத்துகிறது என்று, கூரையிலிருந்த அலாரத்தையும் போன கிழமையே கழற்றி அலுமாரிக்குள் வைத்திருந்தாராம்.

"மாமி, உந்தச் சட்டியை உடனே வெளியில எடுக்க வேணும்."

"என்ன பிள்ளை கதைக்கிறாய்? நான் மூண்டு பிள்ளையைத் தணல் காட்டித்தான் வளர்த்தனான்."

"ஊர் வீட்டில ஓட்டுக்குள்ளால காத்துப் போகும் மாமி. இஞ்ச யன்னல் எல்லாம் இறுக்கி அடைச்சிருக்கு, தணலின்ர நச்சுக்காத்துப் போக வழியில்லை. நித்திரையிலேயே எல்லாரும் போயிடுவியள்."

மாமியின் முகம் வெளிறியது. சட்டியைத் தூக்கிப் போய்ப் பின்வளவுப் பனியில் வைத்தேன், சீறி அணைந்தது. யன்னல்களை அகலத் திறந்து, அலாரத்தை மாட்டி, குழந்தையை அண்ணியின் நெஞ்சோடு சேர்த்துப் போர்த்தினேன். புகை போயிற்று, இருந்த சொற்பச் சூடும் அதோடு போயிற்று. "அப்ப என்ன செய்யிறது?" என்றார் மாமி, மெல்லிய குரலில். அவர் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

பதில் பின்சுவரில் இருந்தது. பொய்லரின் கழிவுநீரைக் கொண்டுபோகும் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் வெளிச்சுவர் வழியே இறங்கி, ஒரு வளைவில் திரும்பி, சாக்கடைக்குப் போகிறது. அந்த வளைவில் நீர் உறைந்து அடைத்திருந்தது; கழிவுநீர் போக வழியில்லாமல்தான் பொய்லர் தானாக நின்றிருந்தது. மாமி கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரோடு ஓடி வந்தார். கொதிநீர் பட்டால் குழாய் வெடித்துவிடும் என்று தடுத்தேன். எனக்கு ஐஸ் புதிதல்ல. படிக்கும் காலத்தில் பயிற்சிக்குப் போனது ஊரில் கரையோர ஐஸ் தொழிற்சாலை ஒன்றுக்கு. வெளியே தார் உருகும் வெயில். உள்ளே மீன்களுக்காக நாங்கள் குளிரைச் செய்துகொண்டிருந்தோம். தகரப் பெட்டிக்குள் இறுகிய ஐஸ்பாளத்தை அடித்து எடுப்பதில்லை. சாதாரணத் தண்ணீருக்குள் பெட்டியை இறக்குவோம். ஓரம் மட்டும் இளகும், பாளம் தானாக வழுக்கி வரும்.

தண்ணீரை ஆற்றி, கை பொறுக்கும் சூட்டில், வளைவின் மேல் மெதுவாக ஊற்றினேன். வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு பார்பராவின் கம்பளித் தொப்பி எழுந்தது.

"செடிகளுக்கா தண்ணீர் ஊற்றுகிறாய், இந்தக் குளிரில்?"

"வீட்டுக்கு," என்றேன்.

மூன்றாவது வாளியில் குழாய்க்குள் ஏதோ நழுவியது. 'களக்' என்ற சத்தத்தோடு ஐஸ்துண்டு சாக்கடைக்குள் விழுந்தது. ஓடிப்போய் பொத்தானை அழுத்தினேன். பொய்லர் ஒருமுறை யோசித்து, பற்றிக்கொண்டது. மாமி ரேடியேட்டரில் கை வைத்துப் பார்த்து, "சுடுது! எடியே, சுடுது!" என்று மகளிடம் ஓடினார். சித்தப்பாவுக்குத் தானே அழைத்து, "உங்கட ஆம்பிளையள் வரத் தேவையில்லை" என்றும் சொல்லிவிட்டார். எனக்கு வாழ்க்கையில் கிடைத்த பட்டங்களில் அதுதான் பெரியது.

சற்று நேரத்தில் பார்பரா வந்து கதவைத் தட்டினார். அவர் வீட்டிலும் அதே கொப்பளிப்பு, அதே நிறுத்தம். அண்ணையின் பெரிய சப்பாத்துகளை மாட்டிக்கொண்டு வாளியோடு போனேன்.

"இதெல்லாம் எங்கே கற்றாய்?"

"ஐஸ் தொழிற்சாலையில். எங்கள் ஊரில்."

"அப்படியென்றால் உங்கள் ஊர் பயங்கரக் குளிராக இருக்கும்."

"இல்லை. அங்கே ஒருநாளும் பனி விழாது."

"பிறகு எதற்கு ஐஸ்?"

"மீனுக்கு."

அவர் சிரித்த சிரிப்பில் தொப்பி சரிந்தது. பொய்லர் பற்றியதும், உள்ளே வந்து தேநீர் குடி என்று என் கையைப் பிடித்தார். அந்த வளவிலிருந்து எங்கள் வீட்டை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். மேல்மாடி யன்னலில் மாமி குழந்தையைத் தூக்கிப் பிடித்தபடி, குளிருக்குள் நிற்காமல் வா என்று, விரல்களைக் கீழே மடக்கி மடக்கி என்னை அழைத்துக்கொண்டிருந்தார். அவர் விடைகொடுக்கிறார் என்று நினைத்து பார்பராவும் உற்சாகமாகக் கையசைத்தார். வெறும் வாளியோடு வேலியடியில் நின்றேன். என் தலைக்கு மேலே, இரண்டு வீட்டுச் சுவர்களிலிருந்தும் பொய்லர்களின் வெள்ளை ஆவி எழுந்து, எது எந்த வீட்டினது என்று பிரிக்க முடியாமல் கலந்து போய்க்கொண்டிருந்தது.