ஒன்பது மணிக்கு முகூர்த்தம்

என் மாமனார் சோலைமலை பார்த்தது போலச் சுகமான வேலை ஹட்டன் பக்கத்திலேயே கிடையாது என்று தோட்டத்து லய வீடுகளில் எல்லாரும் வயிறெரிந்தார்கள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்ட வேண்டாம், கொழுந்து மூட்டை தூக்க வேண்டாம். தேயிலை ஸ்டோருக்கு மேலே உள்ள கோபுரத்தில் உட்கார்ந்து மணிக்கூட்டுக்கு எண்ணெய் போட்டால் போதும். நானும் அப்படித்தான் நம்பினேன். பத்து வருஷம் அந்த மனுஷனை மனசுக்குள் திட்டினேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்தக் கோபுரத்தைக் கட்டியவர் தோட்டத்தின் முதல் துரை, ஸ்கொட்லாந்துக்காரர். நாலு சின்ன மணி, ஒரு பெரிய மணி என்று ஐந்தையும் கப்பலில் வரவழைத்து, ஹட்டன் ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாராம். ராகம் அவர் ஊர் வேதக்கோயிலுடையது. கால் மணிக்கு நாலு தட்டு, அரைக்கு எட்டு, முக்காலுக்குப் பன்னிரண்டு. முழு மணிக்குப் பதினாறு தட்டி முடித்து, பெரிய மணி எண்ணிச் சொல்லும். காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போவதும் பிள்ளைக்குப் பால் கொடுக்க மலையிலிருந்து இறங்குவதும் அதைக் கேட்டுத்தான். கணக்கப்பிள்ளையே தன் கைக்கடிகாரத்தை அதற்குத்தான் திருப்பி வைப்பார்.

தோட்டத்துத் தமிழர் எங்களுக்கு ஓட்டு இல்லாமல் போன நாற்பத்தொன்பதாம் வருஷம், மணியைத் தட்டும் யந்திரம் உடைந்தது. முள் மட்டும் ஓடியது. சாமான் சீமையிலிருந்து வரவேண்டும், வரவில்லை. அப்போதிருந்த துரைக்கு அது பெரிய மானக்கேடு. சின்ன வயசிலிருந்து அந்த ராகத்தைச் சீட்டியடித்துத் திரிந்த சோலைமலையைக் கூப்பிட்டு, ஐந்து மணிகளுக்கும் கயிறு கட்டிக் கையில் கொடுத்தார். வெளியே ஒரு வார்த்தை போனால் வேலையும் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போய்விடும் என்றார். பெண்டாட்டிகூட அறியவில்லை.

காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, நாளைக்கு நாற்பத்தொன்பது தடவை. ஞாயிறும் உண்டு. கால் மணிக்குள் போய்த் திரும்பக்கூடிய தூரந்தான் அவருக்கு உலகம். ராகலைத் தோட்டத்திலிருந்து நாங்கள் பெண் கேட்டுப் போனபோது, பேச்சுப் பாதியில் ரெண்டு தடவை எழுந்து ஓடினார். "சம்பந்திக்கு வயித்துக் கோளாறு போல" என்றார் என் பெரியப்பா.

ஐம்பத்தைந்தாம் வருஷம் எனக்கும் அவர் மகள் அழகம்மாவுக்கும் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு முகூர்த்தம். பங்களாவுக்குக் கொழும்பு விருந்தாளிகள் வந்திருந்ததால் துரை லீவு தரவில்லை. மாமா ஒரு கணக்குப் போட்டார். எட்டே முக்காலை அடித்துவிட்டு ஓடினால் மாரியம்மன் கோயில் பத்து நிமிஷம். ஒன்பதுக்குத் தாலி ஏறுவதைப் பார்த்துவிட்டு, ஒன்பதே காலுக்குக் கயிற்றுக்குத் திரும்பிவிடலாம். ஒரே ஒரு மணி தவறும். வாங்குகிற ஏச்சை வாங்கிக்கொள்ளலாம்.

மேல்மூச்சு வாங்க வந்து என் பக்கத்தில் நின்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தாலி தட்டில் இருந்தது, மேளக்காரர் குச்சியோடு தயாராக இருந்தார். பூசாரி மட்டும் பனிமூட்டத்தில் கோபுரம் இருக்கும் திசைக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

"நேரமாயிருச்சுங்க, கட்டச் சொல்லுங்க" என்றார் மாமா.

"மணி அடிக்கலையேப்பா."

"ஒம்பது தாண்டிருச்சுங்க சாமி. எனக்குத் தெரியும்."

"ஒனக்கு எப்படித் தெரியும்? மணிக்கூடு பொய் சொல்லுமா? அடிக்கட்டும், கட்டுவோம்."

கூட்டம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த மணிக்குக் காத்திருந்தது. அடிக்க வேண்டியவர் எங்கள் நடுவில் வேர்த்து நின்றார். மகளை ஒருதரம் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடினார். தாலி கட்டுகிற நேரத்தில் ஓடுகிற அப்பனை எங்கேயாவது கண்டதுண்டா? எங்கள் ஆட்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அழகம்மா மாலைக்குள் முகத்தை வைத்து அழுதாள்.

ரொம்ப நேரம் கழித்துப் பதினாறு தட்டும் ஒரு பிசிறு இல்லாமல் வந்தது. பெரிய மணி ஒன்பது எண்ணியது. நான் தாலி கட்டினேன்.

அதற்கப்புறம் பேரனின் காதுகுத்துக்குக்கூட அவர் ராகலைக்கு வரவில்லை. ஆறு மணிக்கு மேல் பஸ் ஏது? நாங்கள் போனாலும் நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அழகம்மாவும் அப்படித்தான்.

அறுபத்தைந்தாம் வருஷம் நெஞ்சு வலி என்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் படுத்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பகல் பன்னிரண்டு தாண்டியிருந்தது. ஒரு சத்தமும் இல்லை.

"ஏம்பா, மணிக்கூடு அடிக்கலையே?" என்று சும்மாதான் கேட்டாள் அழகம்மா.

"அடிக்கிறவன் இங்கதானே தாயி படுத்திருக்கேன்."

கையை விரித்துக் காட்டினார். கயிறு அறுத்துக் காய்த்துப்போன கை. அவள் அந்தக் காய்ப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்போ என் கல்யாணத்தன்னிக்கி?"

"நான் போய் அடிச்சாத்தானே தாயி ஒனக்குத் தாலி ஏறும்" என்றார் மாமா. "கெட்டிமேளம் மேல வரைக்கும் நல்லாக் கேட்டிச்சு."